மடிக்கு மேல் மடி

என் அக்கா மகள் பிறந்தது ஓர் ஐப்பசியில். அவளுக்குக் காது குத்த நாள் பார்க்கத் தொடங்கியதும் அதே ஐப்பசியில்தான். குத்தி முடித்தது அவள் பார்த்த ஐந்தாவது வைகாசியில். இடைப்பட்ட காலத்தில் அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள், பேசுகிறவர்களை எதிர்த்துப் பேசவும் தொடங்கினாள். காது மட்டும் பிறந்தபடியே இருந்தது.

நாள் விஷயத்தில் நான் கறாரானவன். தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலாவதித் தேதி பார்ப்பதே பாதித் தொழில். கடை ஓய்ந்திருக்கும் மதியங்களில் கையில் கிடைத்ததைப் படிப்பேன். படிக்காத நேரத்தில், எந்த ஆண்டு எந்தத் தேதியில் குற்றாலத்தில் முதல் தண்ணீர் விழுந்தது, எந்தக் கல்யாணத்தில் பந்தல் நனைந்தது என்று குறித்து வைப்பேன். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவதே தேதி கேட்கத்தான். "ஏலே, நம்ம பெரியப்பா என்னைக்குலே செத்தாவ?" என்று பல் தேய்த்துக்கொண்டே ஒருவர் போனில் கேட்பார். நான் கிழமையோடு சொல்வேன். வருடப் பிறப்புக்கு எல்லார் வீட்டுக்கும் என் கடைப் பெயர் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றும் போய்ச் சேரும். அப்படிப்பட்டவன் தாய்மாமனாக இருக்கும் குடும்பத்தில் ஒரு காதுகுத்துக்கு நாள் அமையவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அவளுக்கு ஒரே தாய்மாமன் நான். கல்யாணமாகாத எனக்கு விசேஷ வீடுகளில் பந்தி விசாரிப்பது, கார் பிடிப்பது தவிர வேறு அந்தஸ்து கிடையாது. இந்த மடி ஒன்றுதான் எனக்கென்று எழுதி வைத்த பதவி. அதனால் அவள் பிறந்த வாரமே ஒன்பதாம் மாதம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் அந்த ஒன்பதில்தான் தொடங்கியது. ஐப்பசியை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஆனி ஒன்பதாவது மாதம். ஆனால் அம்மா நடக்கும் மாதத்தை எண்ண மாட்டாள். முடிந்த மாதம்தான் அவளுக்குக் கணக்கு.

"ஆனியில எட்டுதான முடிஞ்சிருக்கும்? ரெட்டைப்படையில குத்துவாகளா யாராவது?" என்றாள் அம்மா.

அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு இலஞ்சியில். அத்தான் ராணுவத்தில் இருப்பதால், வீட்டை நடத்துவது அடுத்த வீட்டிலேயே இருக்கும் அத்தானின் அக்கா. எனக்கு மதினி முறை. மதினி எண்ணுவது நடக்கும் மாதத்தை.

"முடிஞ்ச மாசத்த எண்ணுததுக்கு அது என்ன ஜெயில் தண்டனையா? நடக்கதத்தான் எண்ணணும்" என்றார்.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இதில் இருந்த பயங்கரம் எனக்குப் புரிந்தது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் எப்போதும் ஒன்று. இந்த வீட்டுக்கு ஒற்றைப்படையானால் அந்த வீட்டுக்கு இரட்டைப்படை. இரண்டு வீட்டுக்கும் ஒற்றைப்படையாக ஒரு மாதம் உலகம் உள்ளவரை வராது. சரி, ஆண்டுக் கணக்குக்குப் போய்விடலாம், மூன்றாவது வயதில் குத்தலாம் என்றால், எந்த மூன்று? நடக்கும் மூன்றா, முடிந்த மூன்றா?

நடுவில் இரண்டு முறை ஏதோ ஒரு தரப்பு இறங்கி வந்தது. ஒருமுறை குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது. சாரல் வந்துவிட்டால் இலஞ்சியில் எந்த விசேஷமும் நடக்காது. வீடு விடுதியாகிவிடும். எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் துண்டோடு வந்து இறங்கும். ஈரக் காதில் குத்தினால் சீழ் வைக்கும் என்று மருந்துக்கடைக்காரனாக நானே சொல்லித் தள்ளி வைத்தேன். சாரல் ஓய்வதற்குள் ஆடி. இன்னொரு முறை, நாள் குறித்த பிறகு அத்தான் வழியில் ஒரு சாவு. தீட்டுக் கழிந்தபோது கணக்கு மறுபடி இரட்டைக்குப் போயிருந்தது.

இப்படியாக அவளுக்கு நாலு வயது முடிந்து ஐந்து நடக்கத் தொடங்கியபோது, ஒரு பங்குனி மாதம், அக்கா போன் செய்தாள். வடக்கே அத்தானுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள், வைகாசிக் கடைசியில், அங்கே போய்விட வேண்டும்.

"இனிமே வருசத்துக்கு ஒருதடவ லீவுல வந்தா உண்டுலே. மதினி சொல்லுதாவ, நகைக்கடையில துப்பாக்கி மாரி ஒண்ணு வச்சிருக்கான், டப்புன்னு ஒரு நிமிசத்துல முடிஞ்சுரும், மாமன் மடியெல்லாம் எதுக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? அவளே குத்தமாட்டேங்கா. மொதல்ல அவகிட்ட வந்து பேசு."

அந்த ஞாயிறே இலஞ்சிக்குப் போனேன். அக்கா முன்னறையில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஊஞ்சலில் உட்கார்ந்து, நான் கொடுத்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். என் பேச்சை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. இலஞ்சிக் கோவிலில் ஒரு கைக்குழந்தைக்குக் காது குத்துவதை அவள் பார்த்திருக்கிறாள். அது அழுத அழுகையை எனக்கு நடித்துக் காட்டினாள்.

"எல்லாரும் குத்திருக்காங்கம்மா. ஒங்கப்பா குத்திருக்காங்க, ஒங்கம்மா குத்திருக்காங்க..."

அவள் ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்து என் வலது காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது காது.

"மாமா, ஒனக்கு ஓட்டை எங்க?"

டியூசன் பிள்ளைகள் எல்லாரும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"எனக்குக் குத்தல."

"ஏன் குத்தல?"

"அது... நாள் அமையல."

"அப்ப நீ குத்து. அதுக்கப்புறம் நான்."

சிறுபிள்ளைதானே என்று, "சரி, குத்திருவோம்" என்று சொல்லிவைத்தேன். அடுப்படியிலிருந்து மதினி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கொழுந்தனாரு ஆசையா ஒத்துக்கிட்டாலும் வைகாசியில அவளுக்கு ஒத்துவராது. எங்க கணக்குக்கு அஞ்சு, சரி. உங்கம்மா நாலுன்னு சொல்லி மூஞ்சியத் தூக்குவாவ. போற நேரத்துல எதுக்கு மனஸ்தாபம்? பேசாம கடைக்கே போயிருவோம்."

அப்போதுதான் அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"மதினி, ஒரு நிமிசம். ஏலே, ஒனக்கு எத்தன முடிஞ்சிருக்கு?"

"முப்பத்திமூணு."

"அவளுக்கு முடிஞ்சது நாலு. கூட்டுனா முப்பத்தேழு, ஒத்தப்படை. நடக்கத எண்ணுனா ஒனக்கு முப்பத்துநாலு, அவளுக்கு அஞ்சு. முப்பத்தொம்பது. அதுவும் ஒத்தப்படை. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல குத்துனா ரெண்டு வீட்டுக் கணக்குக்கும் சரியா வரும்லா?"

ஒரு டியூசன் பையன் விரல் விட்டுச் சரிபார்த்து, "ஆமா டீச்சர்" என்றான்.

மதினி என் காதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்குக் காரணம் கணக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். "நல்ல யோசனைதான். ஆனா கொழுந்தனாருக்கு மடி யாரு குடுக்கா?" என்று கேட்டார்.

என் காது ஏன் குத்தப்படாமல் போனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு தாய்மாமா உண்டு. அச்சன்புதூர்க்காரர். அக்காவுக்கு அவர் மடியில்தான் காது குத்தினார்கள். என் முறை வந்தபோது அப்பா நாள் பார்த்து, பத்திரிகையும் அடித்துவிட்டார். அப்போது போலீஸ்காரராக இருந்த மாமா யூனிபாரத்தோடே வந்து, அன்றைக்குத் தனக்குச் சந்திராஷ்டமம், நாளை மாற்றுங்கள் என்றாராம். சந்திராஷ்டமம் என்றால் ஒருவரின் ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் நிற்கும் நாள். அன்றைக்கு வாயைத் திறந்தால் சண்டை வரும், காலை வைத்தால் இடறும் என்பார்கள்.

"குத்தப் போறது எம்மவன் காதுல்லா மாப்ளே, ஒங்காது இல்லயே" என்றிருக்கிறார் அப்பா.

"மடி என்னுதுல்லா அத்தான்?" என்றிருக்கிறார் மாமா.

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். மாமன் இல்லாமல் குத்தவும் அப்பாவுக்கு மனமில்லை. மறுபடி கூப்பிடவும் மனமில்லை. சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருவரும் பேசிக்கொண்டார்கள். போக்குவரத்து பழையபடி ஆனது. என் காதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அப்பா போன பிறகு திறக்க ஆளும் இல்லை.

மறுவாரம் அச்சன்புதூர் போனேன். மாமா இப்போது ஓய்வு பெற்று, மூட்டு வலியோடு தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, ஒரு விசேசம்."

"பொண்ணு பாத்தாச்சா?"

"இல்ல. காதுகுத்து."

"அக்கா மவளுக்கா? நல்லதுலே. என்னைக்கு?"

"அவளுக்கும்... எனக்கும்."

மாமா போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். தோப்பில் திடீரென்று ஒரே அமைதி.

"மறுபடி சொல்லு."

சொன்னேன். ஒற்றைப்படைக் கணக்கு, வடக்கே போவது, நகைக்கடைத் துப்பாக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புகார் வாங்குவதுபோல முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

"எத்தன கிலோலே இருக்க?"

"எழுபத்தெட்டு."

"பொறந்தப்ப ரெண்டே முக்கா இருந்த. அப்பவே தூக்கி மடியில வச்சிருக்கலாம்." முட்டியைத் தடவிக்கொண்டார். "நாள் பாத்துட்டியா?"

"வைகாசில ஞாயித்துக்கிழம. அஸ்த நட்சத்திரம். ஞாயிறும் அஸ்தமும் சேருதது ரொம்ப விசேசம் மாமா."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை நான் பெருமையோடு மனசில் வைத்திருந்தேன், முந்தின நாள் சனிக்கிழமை வரைக்கும். அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம், மறுநாள் நல்ல நேரத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று காலண்டரில் சனிக்கிழமைத் தாளைத் தூக்கினேன். ஞாயிறு. அஸ்தம். எல்லாம் சரி. கீழே சின்ன எழுத்தில், எப்போதும் நான் படிக்காத ஒரு வரி இருந்தது. சந்திராஷ்டமம்: சதயம்.

குழந்தைக்குப் பார்த்திருந்தேன். எனக்குப் பார்த்திருந்தேன். காது குத்தும் ஆசாரிக்கு அன்று வேறு வேலை இல்லை என்பதைக்கூடப் பார்த்திருந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, மாமா நட்சத்திரம் என்ன?"

"சதயம். ஏன்?"

அம்மாவே அடுப்படிக் காலண்டர் பக்கம் போகும் சத்தம் கேட்டது. தாளைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"ஆத்தாடி!"

நாளை மாற்ற வழியில்லை. அடுத்த ஞாயிறு அவர்களுக்கு ரயில். மாமா வராவிட்டால் எனக்கு மடி இல்லை, எனக்குக் குத்தாவிட்டால் அவள் குத்த மாட்டாள், திங்கட்கிழமை நகைக்கடை. அதே மாமா, அதே காது, அதே சந்திராஷ்டமம். அம்மாவும் நானும் அக்காவும் பேசி ஒரே முடிவுக்கு வந்தோம். மாமாவிடம் மூச்சு விடக்கூடாது.

ஞாயிறு காலை மாமா காரில் இலஞ்சிக்கு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் சீர்த்தட்டு. தட்டில் இரண்டு ஜோடிக் கம்மல், பழம், பூ, குழந்தைக்குப் பாவாடை சட்டை, எனக்கும் ஒரு சட்டைத்துணி. கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம் தனியாக.

"இது எதுக்கு மாமா?"

"அழுத பிள்ளைக்கு வாயில குடுக்க."

அக்கா வீட்டுக் கூடத்தில் என் கடைக் காலண்டர் தொங்கும் ஆணியில் அம்மா ஒரு ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தாள். மாமா காப்பியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இங்கன காலண்டர் கெடந்துதே, எங்க? ராகுகாலம் பாக்கணும்லா."

"ஞாயித்துக்கெழம ராகுகாலம் நாலரைக்கு!" என்று நான், அம்மா, அக்கா மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். மதினி விசித்திரமாகப் பார்த்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போகும்போது வாசல்படியில் கால் இடறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கோவில் மண்டபத்தில் ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "பிள்ளையைக் கொண்டாங்க" என்றார். எல்லாரும் என்னை முன்னே தள்ளினார்கள். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி பெட்டிக்குள் பார்த்து வேறு ஊசி எடுத்தார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் முட்டியை நினைத்து, பாரம் முழுவதையும் என் காலிலேயே தாங்கிக்கொண்டு, தொட்டும் தொடாமலும் இருந்தேன்.

"ஏலே, பஸ்ல சீட்டு கெடைக்காதவன் மாரி என்ன நிக்க? ஒழுங்கா உக்காரு. மடியில உக்காந்தாத்தான் மொறை."

"முட்டி வலிக்கும் மாமா."

"எம் முட்டி, எனக்குத் தெரியும். உக்காருலே."

முழுதாக உட்கார்ந்தேன். அவர் மெல்ல முனகினார். அதற்குள் மருமகள் ஓடி வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். மாமா மேல் நான், என் மேல் அவள். தரிசனத்துக்கு வந்த கூட்டம் சாமியை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றது. வீடியோ அழைப்பில் வடக்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தான், படம் உறைந்துவிட்டதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள்தான் அசையாமல் இருந்தோம்.

ஆசாரி சந்தனத்தில் புள்ளி வைத்தார். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி" என்றார். நான் கடையில் ஊசி போட வருகிறவர்களிடம் இதையேதான் சொல்வேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று அன்று தெரிந்தது. மண்டபம் அதிரக் கத்தினேன். கத்தத் திறந்த வாயில் மாமா பின்னாலிருந்து கை நீட்டி வாழைப்பழத்தைத் திணித்தார். இரண்டாவது காதுக்குப் பழத்தோடு கத்தினேன்.

கூட்டம் சிரித்து முடித்தது. பிறகு எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அக்கா முகம் வெளுத்திருந்தது. மதினி நகைக்கடைக்கே கிளம்புகிறவர்போலக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் கத்தியதில் எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன்.

அவள் என் மடியில் இருந்தபடியே எட்டி என் காதைப் பார்த்தாள்.

"மாமா, நெசமா வலிச்சுதா?"

பொய் சொல்லலாம். ஆனால் அவள் காதிலேயே கத்தியிருக்கிறேன்.

"வலிச்சுது. ஆனா அவ்வளவு கத்துற அளவுக்கு வலிக்கல. நான் ஜாஸ்தியா கத்திட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் கரெக்டா கத்துதேன்" என்று சொல்லி, தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

நான் இறங்குவதாகச் சொன்னேன். மாமா விடவில்லை. "இப்படியே இரி. எறங்கி ஏறுனா எனக்குத்தான் கஷ்டம்." அப்படியே, அந்த நிலையிலேயே அவளுக்குக் குத்தினார்கள். முதல் காதுக்கு "ஸ்" என்றாள். இரண்டாவதுக்கு அழுதாள், அளவாக. பழம் வேண்டாம் என்றுவிட்டாள். என் மடியில் இருந்தபடி அவள் அழுத அந்தக் கொஞ்ச நேரத்தில் என் தோள் ஈரமானது. எனக்கு வேறு பதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாமாவை எழுப்ப மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அந்த வாரமே குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது. ரயிலுக்கு முந்தின நாள், வழியனுப்ப வந்த மாமாவோடு எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். அக்காவும் அம்மாவும் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். காது ஆறாததால் எனக்கும் மருமகளுக்கும் குளிக்கத் தடை. தடை விதித்தவனும் நானே. இருவரும் தள்ளி ஒரு படியில் உட்கார்ந்து ரம்புட்டான் பழம் உரித்துத் தின்றோம். சாரல் மேலே விழும்போதெல்லாம் அவள் தன் காதை ஒரு கையாலும் என் காதை ஒரு கையாலும் மூடினாள்.

மாமா உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு எண்ணெய் தேய்த்தார்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

"வலிக்காம என்ன செய்யும்? சந்திராஷ்டமத்துல எழுவத்தெட்டுக் கிலோவத் தூக்கி மடியில வச்சா?"

உரித்த ரம்புட்டானைக் கீழே வைத்தேன்.

"ஒங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"நீ குடுத்த காலண்டர்தாம்லே எங்க வீட்லயும் தொங்குது. அன்னைக்குத் தோப்புல இருந்து வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அதத்தான் தூக்கிப் பாத்தேன். துண்டு போட்டு மூடுதாளாம் எங்கக்கா! நான் முப்பது வருசம் போலீஸ்ல இருந்தவன்."

"பின்ன ஏன் மாமா நாள மாத்தச் சொல்லல?"

அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அருவியைப் பார்த்தார்.

"யாருகிட்டலே சொல்ல? சண்ட போட எங்கத்தானா இருக்காவ, ஒங்கப்பா?"

பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலை ஊன்றி ஊன்றி, தண்ணீர் விழும் இடத்துக்கு நடந்தார். மருமகள் என் காதிலிருந்து கையை எடுக்காமல், அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.